அங்கி போட்டவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை

பீடப் பணியாளர் என்றால் பூசையில் சாமியாருக்கு உதவி செய்கிறவர் என்று மறைக்கல்விப் புத்தகத்தில் போட்டிருக்கும்; நடைமுறையில் அது, கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கிக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, ஊரே பார்க்கிற இடத்தில் கொட்டாவியை மென்று விழுங்கும் வேலை.

ஐந்தாம் வகுப்பில் இந்த வேலைக்கு வந்தேன். இப்போது ப்ளஸ் டூ. எங்கள் கோயில் திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடல் காற்று அடிக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று பீடத்துக்கு வராது. மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள், மின்விசிறியும் கிடையாது. உங்களில் யாராவது சின்ன வயதில் அங்கி போட்டு நின்றிருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதியும் நடந்திருக்கும், நீங்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பிரசங்கத்தில் அடித்த மணி

எங்கள் குழுவுக்கு நான்தான் லீடர். லீடர் என்றால் மற்றவர்கள் செய்கிற தப்புக்கெல்லாம் திட்டு வாங்குகிறவர். அதிகமாக வாங்கித் தந்தவள் ஒன்பதாம் வகுப்பு பெனிட்டா. அவள் பொறுப்பு மணி. பூசையின் நடுவில் ஃபாதர் அப்பத்தின் மேல் இரண்டு கைகளையும் விரிப்பார். அப்போது அவள் மணியை அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் மண்டியிடுவார்கள். இதைவிட எளிய வேலையை யாருக்கும் கொடுக்க முடியாது என்று நினைத்துத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஊதாரி மகன் கதை. வீடு திரும்பிய மகனை அப்பா எப்படி வரவேற்றார் என்று காட்ட ஃபாதர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். அதுவரை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பெனிட்டா அந்த நேரம் பார்த்துக் கண் விழித்தாள். விரித்த கையைப் பார்த்தாள், அடித்துவிட்டாள். கோயிலே மண்டியிட்டது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் முதலில் எழுந்திருக்க ஒருவருக்கும் தைரியமில்லை. ஃபாதரும் ரோஷக்காரர். மிச்சப் பிரசங்கத்தை ஒரு வரிகூடக் குறைக்காமல், மண்டி போட்டிருந்தவர்களைப் பார்த்தே பேசி முடித்தார்.

பூசை முடிந்து சாக்ரிஸ்டியில், அதாவது ஃபாதர் உடை மாற்றுகிற அறையில், எனக்கு வழக்கம்போல அர்ச்சனை நடந்தது. அதை அப்படியே பெனிட்டாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் அங்கியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் மணிதான்க்கா அடிச்சேன். மண்டி போடுன்னு யார்கிட்டயும் சொல்லலியே. யோசிக்காம போட்டது அவுங்க தப்பு."

இஸ்திரி வண்டி நெருப்பு

தூபம் போடுகிற நாட்களில் எனக்கு முதல் நாளே கரிக் கவலை வந்துவிடும். தூபக் கலசத்துக்குள் கரி கனன்றுகொண்டிருந்தால்தான் மேலே போடுகிற சாம்பிராணி புகையும். கரியைப் பற்றவைப்பது ஒரு தனிக் கலை, அது எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். அதனால் கோயில் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற அண்ணனிடம் ஓடிப்போய், அவர் பெட்டியிலிருந்து ஐந்தாறு கங்குகளை வாங்கி வருவேன். இது ஃபாதருக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று நெருப்புக்காக அங்கியோடு ஓடினேன். பவனி கிளம்பிவிட்டது, பாட்டும் தொடங்கிவிட்டது. அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு காக்கிச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, சீக்கிரம், சாமி கிளம்பிடுச்சு" என்று கெஞ்சினேன். சட்டையைத் திருப்பிப் போட்டு மறு கையையும் தேய்த்து முடித்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

"இந்தா பாப்பா, உங்க சாமி வெய்ட் பண்ணும். இன்ஸ்பெக்டர் வெய்ட் பண்ணமாட்டாரு."

தாரணியின் பால்குடம்

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் தாரணி. திருப்போரூர்க்காரி. அவள் அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் முருகன் கோயிலில் வேலை. பங்குனி உத்திரத்துக்கு அவள் பால்குடம் எடுத்தபோது நானும் போயிருந்தேன். தெருவில் பாதி தூரம் வரை என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் வந்தாள். திடீரென்று முகம் மாறிவிட்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். அவள் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே, "இன்னான்னு தெர்ல செலின், உள்ள யாரோ வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். இந்த வருடம்தான் முதல் தடவை எடுக்கிறாள். முதல் தடவையிலேயே.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒளிப்பானேன், கோபமாகவும் இருந்தது. அவள் நடந்தது ஒரே ஒரு நாள். நான் ஞாயிறு தவறாமல் கடவுளுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கிறேன். ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது அவர் நகத்தில் ஒட்டிய மெழுகுகூட எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குள் ஓடுவதெல்லாம் ஜாடியில் தண்ணீர் ஊற்றினேனா, மரத்துப்போன காலை எப்படி மாற்றி வைப்பது, பெனிட்டா முழித்திருக்கிறாளா என்பதுதான். இதைத் தாரணியிடம் சொன்னேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அஞ்சாவதுலேர்ந்து சாமிக்குப் பக்கத்துலயே நின்னுகினு கீற. இத்தினி வருஷத்துல ஒண்ணுமே ஆவலியா?"

எல்லோரும் சறுக்கிய வளைவு

இந்தக் கேள்வியை மறந்துவிடலாம் என்று இருந்தபோதுதான் இளையோர் ஞாயிறு வந்தது. எங்கள் கோயிலில் அன்று நற்கருணை அப்பம் கொடுத்து முடித்ததும் ஒரு பையனோ பெண்ணோ மைக்கில் ஏறி, கடவுள் தன் வாழ்க்கையைத் தொட்ட அனுபவத்தைச் சாட்சியமாகச் சொல்ல வேண்டும். கடந்த மூன்று வருடமும் மூன்று அண்ணன்கள் சொன்னார்கள். மூன்று பேரும் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் பைக்கில் வந்தார்கள். மூன்று பேருக்கும் அதே வளைவில் மணல் வாரிவிட்டது. மூன்று பேர் கழுத்திலும் ஜெபமாலை இருந்தது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்த வளைவில் யாராவது மணலைக் கூட்டித் தள்ளியிருந்தால் எங்கள் கோயிலில் சாட்சியமே இருந்திருக்காது.

இந்த வருடம் ஒரு பெண் பேச வேண்டும் என்று இளையோரைக் கவனிக்கிற சிஸ்டர் முடிவு செய்தார். பீடப் பணி லீடர் இருக்கும்போது வேறு யார்? சாட்சியத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் இருட்டு, அப்புறம் கண்ணீர், கடைசியில் ஒளி. எனக்கு மூன்றும் இல்லை சிஸ்டர் என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் கன்னத்தைத் தட்டினார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பயமாக இருந்தது. நடந்தது என்று சொன்னால், அந்த அப்பம் வைத்திருக்கிற நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னவள் ஆவேன். நடக்கவில்லை என்று சொன்னால், லீடருக்கே விசுவாசம் இல்லை என்று ஊர் பேசும். அதைவிடப் பெரிய பயம், ஒருவேளை ஊர் பேசுவது உண்மையாக இருந்தால்? எனக்கு விசுவாசம் என்ற ஒன்று இருக்கிறதா, இல்லை, அங்கி மட்டும்தான் இருக்கிறதா? மறுநாள் சிஸ்டரைப் பார்த்து, வேறு யாரையாவது போடுங்கள் என்று கேட்டேன்.

"கடவுள் உன்னைத் தொடாம இருக்கவே மாட்டார்ம்மா. நல்லா யோசி. வெள்ளிக்கிழமைக்குள்ள யோசி."

வீட்டில் கேட்டுப் பார்த்தேன்

அம்மாவிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா உடனே வேலையில் இறங்கிவிட்டார். எட்டாவது படிக்கும்போது நாய் கடித்து ஊசி போட்டுப் பிழைத்தேனே, அது சாட்சியம் இல்லையா? அந்த நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லையே அம்மா என்றேன். மூன்றாவது படிக்கும்போது மாமல்லபுரம் கடற்கரையில் தொலைந்துபோய்க் கிடைத்தேனே? தொலைந்தது நான் இல்லை, என் செருப்பு. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒழுங்கான பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்கும், உனக்குத்தான் ஒன்றும் நடக்காது என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். எதையும் ஒயரை வைத்துத்தான் யோசிப்பார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் புலம்பலை முழுக்கக் கேட்டார். இருக்கு என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

"கரண்ட் கீதுன்னு நெனச்சி வேலை செஞ்சா எவனுக்கும் ஒண்ணும் ஆவாது. இல்லன்னு நெனச்சி கை வெச்சாதான் பேஜாரு."

சனிக்கிழமை வரிசை

வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஒன்றும் தோன்றவில்லை. கடைசி வழியாக, சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனேன். ஃபாதர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெயிலில் இரண்டு கிளைக் கோயில்களில் பூசை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் பெரிய வரிசை.

மண்டியிட்டு, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, மானத்தையெல்லாம் விட்டுச் சொன்னேன். ஜெபம் செய்தால் ஒன்றும் தோன்றவில்லை. பூசையில் நிற்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வருவதில்லை. எனக்கு விசுவாசம் போய்விட்டதா, முதலிலிருந்தே இல்லையா என்று தெரியவில்லை. நாளைக்கு மைக்கில் வேறு ஏற வேண்டும். உள்ளே ஃபாதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல பாவம் எதுவும் இல்லியே. பாவம் இருந்தா சொல்லு, இல்லன்னா எந்திரி. பின்னால ஆள் நிக்காங்க."

மைக்

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. நற்கருணை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் முதல் பெஞ்சிலிருந்து எனக்குத் தலையசைத்தார். மைக் எனக்குக் கொஞ்சம் உயரம், அதைத் தாழ்த்தும்போது ஒரு ஊளைச் சத்தம் போட்டது. கூட்டத்தில் அம்மா, அப்பா. கடைசி வரிசையில் தாரணி. அவளை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வளைவில் சறுக்கிக்கொள்ளலாமா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். கழுத்தில் ஜெபமாலைகூட இருந்தது. ஆனால் எனக்குப் பைக் ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

"என் பேரு செலின். அஞ்சாவதுலேர்ந்து இங்க நிக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். "எனக்கு ஒண்ணும் நடக்கல. குரல் எதுவும் கேக்கல. அழுகை வரல. நெறைய நாள் கால்தான் வலிக்கும். எல்லாருக்கும் ஏதோ நடக்குது, எனக்கு மட்டும் நடக்கலன்னு சாமி மேல கோபமா கீது. ஆனாலும் ஞாயித்துக்கெழமை காலையில யாரும் எழுப்பாமலே எழுந்து வந்துடறேன். ஏன் வரேன்னு தெரியல. அவ்ளோதான்." சிஸ்டர் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார். நான் ஒரு நிமிடம்கூடத் தாண்டவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். முதல் பெஞ்சில் சிஸ்டர் எழுந்தார். மைக்கை வாங்கி இதைச் சரிசெய்யத்தான் வருகிறார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. பின்னால் பெஞ்சுகளில் முணுமுணுப்பு கிளம்பியது.

அப்போது மணி அடித்தது. கோயிலே மண்டியிட்டது. அம்மா, அப்பா, ஃபாதர், பாடகர் குழு, எல்லோரும். பாதி வழியில் இருந்த சிஸ்டரும் அங்கேயே, நடைபாதையில் மண்டியிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாரணியும் மண்டியிட்டாள். நான் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபமும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், கோயில் முழுக்க அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஃபாதர் எழுந்து, எதுவுமே நடக்காதது போலக் கடைசி ஜெபத்தைச் சொன்னார். சாக்ரிஸ்டிக்குள் வந்ததும் பெனிட்டாவைப் பிடித்து, தூங்கிவிட்டாயா என்றேன்.

"இல்லக்கா, முழிச்சினுதான் இருந்தேன். மண்டி போட்டுட்டா யாரும் திட்டமாட்டாங்க இல்ல, அதான் அடிச்சேன்."

சாக்ரிஸ்டியில் இன்னொரு வரிசை

அங்கியைக் கழற்றாமலே மெழுகுவர்த்தித் தண்டில் வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெளியே போக எனக்குத் தைரியமில்லை. கதவைத் திறந்துகொண்டு பிலோமினா ஆன்ட்டி வந்தார். எங்கள் கோயிலில் ஜெபமாலைக்கு உரத்த குரல் அவருடையதுதான். பாட்டுக்குக் கண்ணை மூடி இரண்டு கைகளையும் உயர்த்துவார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் எத்தனையோ நாள் எனக்கு ஏதோ குறை என்று நினைத்திருக்கிறேன். இன்று இவர் வாயிலிருந்துதான் முதல் திட்டு என்று தலையைக் குனிந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் மெழுகுக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. "எனுக்கும்தாம்மா. கண்ணாலமாயி இந்தக் கோயிலுக்கு வந்த நாள்லேர்ந்து. சத்தமா சொன்னா கேக்குமான்னுதான் சத்தமா சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

அவர் போனதும் கீபோர்டு வாசிக்கிற அங்கிள் வந்து அதையே சொன்னார். அவருக்குப் பிறகு வளைவில் சறுக்கிய அண்ணன்களில் ஒருவர், எனக்கு லைசென்ஸே கிடையாதுமா என்று சொல்லிவிட்டு ஓடினார். இத்தனை வருடம் இவர்கள் முன்னால் நின்றும், நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது. பெனிட்டா பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தாள். பிறகு, மூலையில் குளிர்ந்து தொங்கிய தூபக் கலசத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கி சாம்பிராணியே போடலியேக்கா. அப்புறம் ஏன் கண்ணுல தண்ணி?"

இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை ஃபாதரின் வரிசையைவிட ஞாயிறு காலை சாக்ரிஸ்டி வாசலில் என் வரிசை நீளமாகிவிட்டதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான் என்றாலும், பாவமன்னிப்பு கொடுக்க அதிகாரமில்லாத நான், கேட்டுக்கொண்டே மெழுகைச் சுரண்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?